எலிக்கால், முடக்கத்தான், கோவிந்தம்மாளின் பூச்சரம்

மூலிகைச் சாறு முடக்குவாதத்துக்கு மருந்தாகுமா என்று சோதிக்கிற வேலையில், பாதி நேரம் நாம் எலியைப் பார்த்துக்கொண்டிருப்போம். மீதி நேரம் எலி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் கண் விழித்ததும் முதல் காரியமாக விரலை மடக்கிப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்டைப் பொத்தானோடு சண்டை போடுகிறவர்கள், ஊறுகாய்ப் போத்தலின் மூடியைத் திறக்கப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள், மழை வரப்போவதை முட்டியால் அறிகிறவர்கள் எல்லாரும் என் கூட்டம். எனக்கு இந்த வலி பிற்காலத்தில் வந்தது. அதற்கு வெகு முன்பே, ஐம்பதுகளின் கடைசியில், தாவரவியல் படித்து முடித்த கையோடு, சிங்கப்பூரில் ஒரு மருத்துவக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இந்த வலிக்கு இலையில் மருந்து தேடுவதுதான் வேலை. அப்போது என் விரல்கள் பத்தும் சொன்னபடி கேட்டன. வலி எனக்கு வரைபடத்தாளில் ஏறி இறங்குகிற ஒரு கோடு, அவ்வளவுதான். இன்று புக்கிட் மேரா வீட்டு ஜன்னலோரம் பேனாவைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எழுதும்போது, அந்தக் கோட்டின் மேல் நடந்து போனவர்கள் ஒவ்வொருவராக நினைவுக்கு வருகிறார்கள்.

ஒரு கூடை இலை

எங்கள் தலைவர் டாக்டர் லிம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துவிட்டு அதையே தேடுகிற மனிதர். "உங்கள் ஆட்கள் மூட்டுவலிக்கு என்ன சாப்பிடுவார்கள்?" என்று சேர்ந்த முதல் வாரமே என்னைக் கேட்டார். முடக்கத்தான், நொச்சி, வாதநாராயணன், சிற்றரத்தை என்று எனக்குத் தெரிந்ததை அடுக்கினேன். "முதலில் சொன்னதில் தொடங்குவோம். நாளைக்கு ஒரு கூடை கொண்டுவா" என்றார்.

தேக்கா மார்க்கெட்டில் கீரை விற்ற அம்மாளிடம் போய், இருக்கிற முடக்கத்தான் அத்தனையும் வேண்டும் என்றேன். கொடியில் காற்றடைத்த பச்சைக் காய்கள் சின்னச் சின்னக் கூண்டு விளக்குகள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. அந்த அம்மாளுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது. வீட்டில் யாருக்கு முடியவில்லை, அம்மாவுக்கா அப்பாவுக்கா, நடக்கவே முடியலியா என்று விசாரிக்கத் தொடங்கினாள். பொய் சொல்ல வராமல், "எலிக்கு" என்று சொல்லிவிட்டேன். எலிக் காலை வீங்கவைத்து, இந்தச் சாற்றைக் கொடுத்து, வீக்கம் வடிகிறதா என்று பார்க்கப்போகிறோம் என்று விளக்கவும் செய்தேன். அவள் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"வீங்க வைக்கிற மருந்து ஒங்ககிட்ட இருக்கா? அப்ப மொதல்ல அதைக் குடு பொண்ணு, எங்க வீட்டுல ஒரு எலி ராத்திரி பூரா ஓடுது."

இரண்டு பெட்டி எலிகள்

இலையை நிழலில் உலர்த்தி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, ஸ்பிரிட்டை ஆவியாக்கிவிட்டால் தார் மாதிரி ஒரு பச்சைக் கருப்புப் பசை மிஞ்சும். ஒரு கூடை இலைக்கு ஒரு தேக்கரண்டி. அதைக் கரைத்து ஒரு பெட்டி எலிகளுக்குக் கொடுப்போம். இன்னொரு பெட்டி எலிகளுக்கு வெறும் தண்ணீர். பிறகு ஒவ்வொரு எலியின் பின்னங்காலையும் பாதரசம் நிரப்பிய சிறு குழாயில் அமிழ்த்தி, பாதரசம் எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்போம். வீக்கம் அதிகமானால் உயரமும் அதிகம். எலியைப் பிடித்துக்கொள்வது நான். அளவு பார்ப்பது டாக்டர் லிம். கடிபட்டது யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எலிகளுக்குத் தீனி போட்டுப் பெட்டி கழுவுகிறவர் மலாய்ப் பெரியவர் பாக் ஒஸ்மான். கேலாங் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒரு மாதம் சோதித்தோம். தண்ணீர் குடித்த எலிகளின் கால் வீக்கமும் மருந்து குடித்தவற்றைப் போலவே அழகாக வடிந்தது. டாக்டர் லிம் குழாயை மாற்றினார், பாதரசத்தை மாற்றினார், என்னையும் மாற்றலாமா என்பதுபோல் ஒருமுறை பார்த்தார். கடைசியில் ஓர் எலியைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். எலி எலுமிச்சைப்புல் வாசம் அடித்தது. தண்ணீர்ப் பெட்டி எலிகளுக்கு மட்டும் பாக் ஒஸ்மான் தினமும் சாயங்காலம் வீட்டிலிருந்து கொண்டுவந்த தைலத்தைக் காலில் தேய்த்துவிட்டிருக்கிறார். டாக்டர் லிம் கோபத்தில் ஆங்கிலத்தில் ஆரம்பித்து மலாயில் முடித்தார். பாக் ஒஸ்மான் தலையிலிருந்த தொப்பியைச் சரிசெய்துகொண்டு அமைதியாகப் பதில் சொன்னார்.

"அந்தப் பெட்டிக்கு மருந்து, இந்தப் பெட்டிக்குத் தண்ணி. ஆனா சாயங்காலம் ரெண்டு பெட்டியும் என் முகத்தைத்தான் பார்க்குது, டாக்டர்."

கசப்புக்குக் கசப்பு

புதிய எலிகளை வைத்து மறுபடி செய்தோம். இந்தமுறை தைலம் உள்ளே வராமல் பார்த்துக்கொண்டோம். மருந்துப் பெட்டியில் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. கொஞ்சம்தான். ஆனால் டாக்டர் லிம்முக்கு அது போதும். முடக்குவாதக்காரர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் ஆஸ்பிரினை நிறுத்தப்போவதில்லை. அதோடு பாதிப் பேருக்கு இலைச்சாறு, பாதிப் பேருக்கு அதைப்போலவே இருக்கிற வெறும் சாறு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியக்கூடாது, கையைப் பிடித்துப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியக்கூடாது. போத்தலில் ஊற்றுகிற எனக்கு மட்டும் தெரியும்.

வெறும் சாற்றுக்கு நிறம் வேண்டுமே! சர்க்கரையைக் கருக்கினேன். கசப்பு வேண்டுமே! மருந்துக்கடையில் கிடைக்கிற கசப்புச் சாறு சில சொட்டு விட்டேன். இரண்டும் ஒரே சுவை வருகிறவரை நானும் டாக்டர் லிம்மும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிக் குடித்தோம். மூன்றாம் நாள் எங்கள் நாக்கு சோற்றையும் சாறாகவே உணர ஆரம்பித்தது. நடுவராகப் பாக் ஒஸ்மானைக் கூப்பிட்டோம். அவர் இரண்டையும் ஒவ்வொரு மடக்கு குடித்து, நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"வித்தியாசம் இல்ல டாக்டர், ரெண்டுமே மனுஷன் குடிக்கிறது இல்ல."

யாருடைய முழம்?

வந்தவர்களில் ஒருத்தி கோவிந்தம்மாள். நாற்பது வயதிருக்கும். சிராங்கூன் ரோட்டில் ஒரு மளிகைக்கடையின் ஐந்தடி நடைபாதையில், தூணோரமாக உட்கார்ந்து பூக்கட்டி விற்கிறவள். அவள் மேசைமேல் கைகளை வைத்தாள். விரல்கள் எல்லாம் ஒரே காற்றுக்குச் சாய்ந்த நாணல் மாதிரி, சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. கணுக்கள் வீங்கிச் சிவந்திருந்தன. மல்லிகைக் காம்பை நூலில் முடிகிற கை அது.

கடை முதலாளி கெட்டவர் இல்லை. பூ வாங்க வருகிறவர்கள் அப்படியே கற்பூரமும் ஊதுபத்தியும் வாங்குவார்கள் என்றுதான் அந்தத் தூணோரத்தைக் கொடுத்திருந்தார். இப்போது காலைப் பூசை முடிந்த பிறகுதான் அவளுக்குச் சரம் தயாராகிறது. ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு பூக்காரி கேட்டுக்கொண்டிருக்கிறாள். தைப்பூசம் வரைக்கும் பார்ப்பேன், அதற்குள் கை சரியாகாவிட்டால் இடத்தை மாற்றிக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார் முதலாளி. கோவிந்தம்மாளுக்குப் புருஷன் இல்லை. அந்தத் தூண்தான் வீட்டுக்கும் தூண்.

ரத்த அழுத்தம் பார்க்கிற பையைச் சுருட்டிக் கையில் கொடுத்து, முடிந்தவரை அழுத்தச் சொல்லிப் பிடியின் பலத்தைப் பார்ப்பது டாக்டர் லிம்மின் வழக்கம். கோவிந்தம்மாளின் பிடி ஒரு குழந்தையின் பிடி. அதோடு விரல் வேலையையும் பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை. வாரா வாரம் வரும்போது அன்று காலை எட்டு மணிக்குள் கட்டிய பூவைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்த சரத்தை முழம் போட்டு அளக்க நான் கையை நீட்டினேன். அவள் தடுத்துவிட்டாள். "ஒங்க கை சின்னக் கை மிஸ்ஸம்மா. பூ நெறையா இருக்கிற மாதிரி காட்டும். என் கையில அளங்க" என்றாள். அந்த வாரம் அவள் கையாலேயே மூன்று முழம்கூடத் தேறவில்லை. கசக்கும், ஆனால் தவறாமல் குடிக்க வேண்டும் என்று போத்தலை நீட்டினேன்.

"கசக்குதா இனிக்குதான்னு நான் கேக்கல மிஸ்ஸம்மா, தைப்பூசத்துக்குள்ள வேலை செய்யுமா, அதை மட்டும் சொல்லுங்க."

அவசரம்

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. யாருக்கு எந்தச் சாறு என்று, பிஸ்கட் டின்னில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்திருந்தேன். கோவிந்தம்மாளுக்கு விழுந்தது கருக்கிய சர்க்கரை.

அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாரா வாரம் அவள் முகத்தைப் பார்ப்பது லேசான காரியமாக இல்லை. பாக் ஒஸ்மானின் தைலக் குப்பி எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. ஒருநாள் பொறுக்காமல், பெயர் சொல்லாமல் டாக்டர் லிம்மிடம் கேட்டேன். நோயாளிகளில் யாருக்காவது ரொம்ப அவசரம் என்றால் சீட்டை மாற்றலாமா? அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். அந்த இலை மருந்துதான் என்று நமக்குத் தெரிந்தால் இந்தச் சோதனையே எதற்கு, நீ அவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பது மருந்தா வெறும் பச்சைத் தண்ணியா என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி நெற்றியில் ஏற்றிக்கொண்டார். பின் அவர் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாருக்கும் அவசரம்தான், மிஸ் கமலா. இலைக்குத்தான் அவசரமே இல்லை."

கிராணியாரின் செடி

கருக்கிய சர்க்கரை விழுந்த இன்னொருவர் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த மாணிக்கம். கழுத்துப்பட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. முதல் வாரம் இரண்டு கைத்தடியோடு வந்தார். இரண்டாம் வாரம் ஒன்றோடு. நான்காம் வாரம் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, டாக்டர் லிம்மின் கையை அவர் கத்துகிறவரை குலுக்கினார். இந்த ஊரில் இருக்கிற மருந்தெல்லாம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன், இதுதான் மருந்து என்றார். நோய் தானே ஏறும், தானே இறங்கும். அவருக்கு அது இறங்குகிற பருவம். இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? நான் போத்தலை நிரப்புகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டேன். அவர் விடவில்லை. என் பின்னால் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டருக்குத் தெரிய வேணாம் மிஸ், இது என்ன செடின்னு மட்டும் சொல்லுங்க, வாசல்ல ரெண்டு நட்டுக்கிறேன்."

எலும்புக்கூட்டுக்கு மாலை

கிராணியாரையாவது இயற்கையின் போக்கு என்று விட்டுவிடலாம். கோவிந்தம்மாள்தான் என்னைக் குழப்பினாள். தீபாவளி கழிந்த வாரம் அவள் கொண்டுவந்த சரம் ஆறு முழம் இருந்தது. அடுத்த வாரம் இன்னும் நீளம். மார்கழி பிறந்தபோது பூவைக் கையில் கொண்டுவர முடியாமல் வாழை நாரால் கட்டிய பொட்டலமாகக் கொண்டுவந்தாள். டாக்டர் லிம் அதைப் பிரித்து மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடவிட்டு, மறுபடி திருப்பி ஓடவிட்டார். கருக்கிய சர்க்கரைக்கு இவ்வளவு சக்தியா என்று அவள் போத்தலை நிரப்பும்போது நான் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன்.

வேடிக்கை என்னவென்றால், பையை அழுத்தச் சொன்னால் அவள் பிடி அதே குழந்தைப் பிடிதான். பாதரசம் ஓரிரு கோடுகூட ஏறவில்லை. டாக்டர் லிம் அதற்கும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டார். நுண்ணிய விரல் அசைவுதான் முதலில் திரும்புமாம், முரட்டுப் பிடி மெதுவாகப் பின்னால் வருமாம். இதுவரை யாரும் கவனிக்காத விஷயமாம். கட்டுரை எழுத வேண்டும் என்று அறைக்குள் நடந்தார். நடந்த சந்தோஷத்தில் அந்தச் சரத்தை எடுத்து, மாணவர்களுக்குப் பாடம் நடத்த மூலையில் நிறுத்தியிருந்த எலும்புக்கூட்டின் கழுத்தில் போட்டுவிட்டார். அறை முழுக்க மல்லிகை மணத்தது. அந்த நேரம் பார்த்துத் துடைப்பத்தோடு உள்ளே வந்த பாக் ஒஸ்மான் வாசலிலேயே நின்று, தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு என்னைக் கேட்டார்.

"மாப்பிள்ளை ரொம்ப இளைச்சிட்டாரே மிஸ், பொண்ணு எங்கே?"

குடத்துக் கஷாயம்

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, இனித் தாங்காது என்று ஒருநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் கோவிந்தம்மாளின் வீட்டுக்குப் போனேன். கெர்போ ரோட்டில் பல குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்ட ஒரு பழைய கடைவீடு. அவள் எங்கள் சாற்றோடு வேறு ஏதாவது சாப்பிடுகிறாளா, சீன மருந்துக்கடைப் பொட்டலமா, யாரிடமாவது ஊசியா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என் எண்ணம்.

பின்கட்டில் கூரை திறந்த முற்றம். மேலிருந்து விழுந்த காலை வெளிச்சத்தில் ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து பேரும் எங்கள் நோயாளிகள். பக்கத்துச் சந்துகளில் இருப்பவர்கள். ஒரே நாளில் ஒரே டிராலி பஸ்ஸில் எங்களிடம் வருகிறவர்கள். நடுவில் ஒரு பித்தளைக் குடம். சுவரோரம் எங்கள் பழுப்புப் போத்தல்கள், கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தையல்காரி லூர்து மேரி, காலைப் பூசை முடிந்து வந்த முக்காட்டைக்கூட எடுக்காமல், குடத்திலிருந்து கரண்டியால் அளந்து ஐந்து குவளைகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"மருந்துதான் பாப்பா. நீ குடுத்ததுதான்" என்றாள் லூர்து மேரி.

"ஏன் குடத்துல?"

"என்னோடதுல அடியில பச்சையா வண்டல் நிக்குது. கோவிந்தம்மாளோட போத்தல்ல ஒண்ணையும் காணோம். பஸ்ஸுலயே வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டோம். ரெண்டும் ரெண்டு தினுசு, ஒண்ணு நல்லது, ஒண்ணு மட்டம். எது எதுன்னு ஒனக்குத் தெரியும். கேட்டா திருதிருன்னு முழிப்ப. எதுக்குப் பாவம் பிள்ளையைச் சங்கடப்படுத்தணும்? அதான் ஊத்திக் கலந்துட்டோம். வந்தா எல்லாருக்கும் வரட்டும்."

நாக்கை ஏமாற்றத் தெரிந்த எங்களுக்குப் போத்தலின் அடியைப் பார்க்கத் தோன்றவில்லை! முதல் வாரத்திலிருந்தே இப்படித்தானாம். எங்கள் சோதனையின் பெரும்பகுதி அந்தக் குடத்துக்குள் நுரைத்துக்கொண்டிருந்தது.

அது மட்டும் அல்ல. ஒரே மூச்சில் குவளைகளைக் காலி செய்துவிட்டு ஐவரும் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே ஒரு முறத்துப் பூ நடுவுக்கு வந்தது. கோவிந்தம்மாள் நூலின் தலைப்பைக் கால்விரலில் மாட்டிக்கொண்டு கட்ட ஆரம்பித்தாள். சற்று நேரத்தில் அவள் விரல் நின்றது. சரம் பக்கத்தவள் மடிக்குப் போனது. அவள் விரல் நின்றதும் அடுத்தவளுக்கு. ஐந்து பேருக்கும் ஒழுங்கான விரல்கள் பத்துகூட இருக்காது. ஆனால் அந்த நூல் எங்கேயும் நிற்கவில்லை. ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு வெள்ளையாக நகர்ந்துகொண்டே இருந்தது. "கசப்பு போற வரைக்கும் பேச்சும் வராது பாப்பா. சும்மா கிடக்கிற கைதானே" என்றாள் லூர்து மேரி, தன் வீங்கிய மணிக்கட்டைப் பார்க்காமல்.

நான் கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினேன். அப்படியானால் வாரா வாரம் டாக்டர் மேசைமேல் ஓடவிட்ட சரம்? அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"காலையில கட்டுன பூவைக் கொண்டாங்கன்னாரு, கொண்டாந்தேன். யாரு கட்டுனதுன்னு அவரு கேக்கவே இல்லியே மிஸ்ஸம்மா."

டாக்டர் லிம்மிடம் சொன்னது

கட்டுரையின் முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். குடம், வண்டல், முறத்துப் பூ, லூர்து மேரியின் கரண்டி, அதோடு கோவிந்தம்மாளின் போத்தலில் இருந்தது கருக்கிய சர்க்கரை என்பதையும். இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

அவர் தாளை இயந்திரத்திலிருந்து உருவினார். கிழிப்பார் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எழுந்து மூலைக்குப் போய், எலும்புக்கூட்டின் கழுத்தில் பழுப்பேறிக் கிடந்த சரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு சாணுக்கும் முடிச்சு மாறியிருந்தது அப்போதுதான் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. நெருக்கமாகக் கொஞ்சம், தளர்வாகக் கொஞ்சம், இடப்பக்கம் சாய்ந்து கொஞ்சம். ஐந்து பேரின் கையெழுத்து. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தது ஒரு நீண்ட பெருமூச்சு. அதன் முடிவில் சிரிப்பு.

"தைலம் தடவினாரே பாக் ஒஸ்மான், அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இந்த ஊரில் வெறும் தண்ணீர் மட்டும் குடிக்க ஒரு எலிகூடக் கிடைக்காது, மிஸ் கமலா."

பத்துக் கை

தைப்பூசத்தன்று டாக்டர் லிம்மும் என்னோடு வந்தார். சிராங்கூன் ரோடு தண்ணீர் தெளித்துக் குளிர்ந்திருந்தது. காவடிகள் மயிற்பீலி அசைய ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. உறுமிச் சத்தம் விலா எலும்புக்குள் போய் அடித்தது. நான் காவடியைப் பார்க்கவில்லை. மளிகைக்கடைத் தூணைத்தான் பார்த்தேன்.

தூணைக் காணோம். அதைச் சுற்றி முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு ஐந்து பெண்கள். முன்னால் சாக்கு விரித்து மல்லிகை, சாமந்தி, அரளி. வாங்குகிற கைகள் ஒருபக்கம், நூல் நகர்கிற கைகள் ஒருபக்கம். நடைபாதையில் ஒரு ஆள் ஒதுங்கிப் போகக்கூட இடமில்லை. சந்தடி கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வெளியே வந்தார். கோவிந்தம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. முடிச்சுப் போடுகிற வேகம் மட்டும் தடுமாறியதைக் கவனித்தேன். டாக்டர் லிம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இடம் கோவிந்தம்மாவுக்குத்தானே குடுத்தேன். இது என்ன பட்டாளம்?" என்றார் முதலாளி.

"கை சரியாகணும்னு சொன்னீங்கள்ல முதலாளி, சரியாயிடுச்சு. இப்ப அவளுக்குப் பத்துக் கை" என்றாள் லூர்து மேரி, கழுத்திலிருந்த சிலுவையைப் பின்னால் தள்ளிவிட்டு ஒரு மாலையை உதறிக்காட்டியபடி.

முதலாளி பூவைப் பார்த்தார். பூ வாங்கிய கையோடு அவர் கடைக்குள் கற்பூரம் கேட்டு நுழைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். கடைசியாகக் கோவிந்தம்மாளின் சாய்ந்த விரல்களைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"பத்துக் கை இருக்கிறவகிட்ட இடத்தைத் திருப்பிக் கேக்க எனக்கென்ன கிறுக்கா? ஆளுங்க நடக்கிறதுக்கு மட்டும் வழி விடுங்கம்மா."

கோவிந்தம்மாளின் விரல்கள் கடைசிவரை நிமிரவில்லை. அந்தத் தூணோரம் மட்டும் நெடுங்காலம் அவளிடமே இருந்தது. அந்தக் கட்டுரை வெளிவரவே இல்லை. அது டாக்டர் லிம்மின் சட்டைப்பையோடு எந்தச் சலவைக்குப் போனதோ! நாங்கள் அடுத்து நொச்சியைச் சோதித்தோம், அதற்கடுத்து வேறொன்றை. நல்ல மாத்திரைகள் பின்னால் வேறு ஊர்களிலிருந்து வந்தன. அவற்றில் இரண்டை இன்று காலை நானும் விழுங்கினேன், தனியாக, ஜன்னலோரம் நின்றுகொண்டு.

முடக்கத்தான் முடக்குவாதத்தைத் தீர்க்குமா என்று இத்தனை வருஷம் கழித்து நீங்கள் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்பதுதான் பதில், ஆனால் எதைக் குடிப்பதாக இருந்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, ஐந்து குவளையாகக் குடியுங்கள்.